ஐஸுக்குள் வயசாகிறவள்

கொரேரா ஐஸ் கம்பெனிக்கு அடுத்த முதலாளி யார் என்பதை ஐஸே சொல்லிவிடும், அதைப் பற்றிப் புன்னைத்துறையில் யாரும் பெரிசாக அலட்டிக்கொண்டதில்லை. கம்பெனியைத் தொடங்கிய தொம்மை கொரேராவுக்கு முடி நரைத்த வருஷம், ஒருநாள் காலையில் டின்னைக் கவிழ்த்தபோது வழுக்கிக்கொண்டு வந்த ஐஸ் பாரின் நட்டநடுவில், எல்லா பாரிலும் வெள்ளையாகப் புகைபோல உறைந்து நிற்குமே அந்த இடத்தில், அவர் மகன் சந்தியாகுவின் முகம் இருந்தது. தொம்மை அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினார், கிரஷருக்குள் தள்ளச் சொன்னார், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார், மகனைக் கூப்பிட்டு நாளையிலிருந்து நீ வா என்றார். அவ்வளவுதான். சந்தியாகுவுக்கு நரைத்தபோது அவர் மகன் அருளப்பனின் முகம் வந்தது, அதுவும் சாக்கைப் போர்த்திக்கொண்டே தூளாகி, ஏதோ ஒரு மீன்பிடி லாஞ்சியில் ஏறி, ஏதோ ஒரு சீலா மீனின் வயிற்றுக்குப் பக்கத்தில் கிடந்து உருகிப்போனது. ஐஸில் வருவது இன்றைய முகம் இல்லை, இன்னும் வராத வயசின் முகம். ஒருத்தனுடைய முதுமையை அவன் போய்ச் சேருவதற்கு முன்னால் மற்றவர்கள் பார்ப்பது மரியாதை இல்லை என்று ஊருக்கு ஒரு எண்ணம், அதனால்தான் சாக்கு. ஏன் வருகிறது, எப்படி வருகிறது என்று யாரும் கேட்டதில்லை. கரண்டு எங்கேயிருந்து வருகிறது என்று யார் கேட்கிறார்கள்? பில் வந்தால் கட்டுகிறார்கள்.

மூன்றாம் முதலாளியான அருளப்பன் கொரேரா இதைத் தள்ளிப்போட ஒரு வழி வைத்திருந்தார். டை அடித்தார். தலை கறுப்பாக இருக்கும்வரை ஐஸ் ஏமாந்துபோகும் என்று நம்பினார், சில வருஷம் ஏமாந்தும் போனது. அவர் மூத்த மகன் ரெஜிஸ் மேனேஜ்மென்ட் படித்துவிட்டுச் சென்னையில் வேலை பார்த்தான், ஐஸ் பாரை நம்பி உட்கார்ந்திருக்கிற குடும்பம் என்று வெளியே சொல்ல அவனுக்கு வெட்கம். இளையவள் மெட்டில்டாவுக்குப் பதினேழு வயது. பிளஸ் டூ பாதியில், பள்ளிக்கூடத்துத் தலைமை மதர் முன்னால் போய் நின்று, எனக்கு ஒண்ணும் ஏறல மதர், தினம் வந்து பெஞ்சத் தேய்க்க இஷ்டம் இல்ல என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவள் அவள். காதல் கிடையாது, கஷ்டம் கிடையாது, பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அம்மா இல்லாத வீடு, திட்ட ஆள் குறைவு. பகலெல்லாம் கம்பெனியில் டின்களுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு, லோடு ஏற்ற வருகிறவர்களிடம் வாயடித்துக்கொண்டு திரிந்தாள். அடுத்த வருஷம் என்ன செய்யப் போறே என்று கேட்டால், அடுத்த வருஷம் வரட்டும் என்பாள்.

அந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒரு மாசம் இருக்கும்போது, ரெஜிஸ் கோயம்புத்தூரிலிருந்து பாலசுந்தரம் என்ற ஆலோசகரைக் கூட்டிக்கொண்டு வந்தான். குடும்பத் தொழிலை ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குச் சேதாரம் இல்லாமல் மாற்றிக் கொடுப்பதுதான் அவர் தொழில், மில்லை மாற்றிக் கொடுத்திருக்கிறார், கல்யாண மண்டபத்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார், ஐஸ் கம்பெனி மட்டும் இதுதான் முதல். ஆபீஸ் சுவரில் பெரிய அட்டை ஒன்றை ஒட்டினார். மேலே ஒரு கட்டத்தில் அருளப்பன், அதிலிருந்து அம்புக்குறி இறங்கி ரெஜிஸ், ஓரத்தில் புள்ளிப் புள்ளியாக ஒரு கோட்டின் முனையில் மெட்டில்டா.

எனக்கு மட்டும் ஏன் கோடு ஓட்டை ஓட்டையா இருக்கு என்று மெட்டில்டா கேட்டாள். கட்டிக்கிட்டுப் போற புள்ளைக்கு அப்படித்தானுங்க போடுவோம் என்றார் பாலசுந்தரம், கோபமே இல்லாமல்.

வந்தவரைக் கவனிக்கிற அலைச்சலில் அருளப்பன் அந்த வாரம் டை அடிக்க மறந்தார். காதோரம் வெள்ளை எட்டிப்பார்த்தது. மறுநாள் காலை கிரேன் ஒரு வரிசை டின்னைத் தூக்கி, நல்ல தண்ணீரில் முக்கி, கவிழ்த்தபோது, வழுக்கி வந்த பார்களில் ஒன்றுக்குள் முகம் இருந்தது. ரெஜிஸ் ஒரு அடி முன்னால் வந்தான், பிறகு ஒரு அடி பின்னால் போனான். உள்ளே இருந்தது மெட்டில்டா. இன்றைய மெட்டில்டா இல்லை, முப்பது வயசு இருக்கும், கன்னம் சதை போட்டு, மூக்குத்தி குத்தி, தலையை இழுத்து வாரியிருந்தாள்.

பேய்ப்படம் பார்த்துச் சிரிக்கிற பெண் மெட்டில்டா, ஆனால் இது வேறு. ஐஸுக்குள் இருந்தவள் அவளைப் பார்க்கவே இல்லை. தனக்கு இடதுபக்கம் இருக்கிற எதையோ கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அருளப்பன் சாக்கை எடுத்தார். பாலசுந்தரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, மூடறீங்க? பத்துப் பதினஞ்சு வருசம் கழிச்சுக் கம்பெனி எப்படி இருக்கும்னு தெரியாமத்தான் ஊர் ஊரா எல்லாரும் திண்டாடறாங்க. உங்களுக்குத் தானா வருது. பாருங்க. தினமும் பாருங்க."

அந்தக் குடும்பம் செய்த தப்பு இதுதான். பார்த்தார்கள். அம்புக்குறியை அழித்து மெட்டில்டா பக்கம் பாலசுந்தரம் திருப்பிவிட்டார், ரெஜிஸ் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டாலும் அவனும் பார்த்தான். அன்றைய பாரைக் கிரஷருக்கு அனுப்பாமல் குளிர் அறையில் நிறுத்தினார்கள், மறுநாள் வந்தது அதைவிடக் கொஞ்சம் மூத்த முகம், அதற்கடுத்த நாள் இன்னும் மூத்தது, எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தி, தடைக்காலத்தில் லோடு இல்லாமல் காலியாகக் கிடந்த அந்த அறையை மெட்டில்டாவால் நிரப்பினார்கள்.

ஊர் வர ஆரம்பித்தது. முதல்நாள் கூச்சத்தோடு வாசலில் நின்றார்கள், பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள், பிறகு செருப்போடே வந்தார்கள், பிறகு தடைக்காலத்தில் வேறு வேலை இல்லாததால் டிபன் முடித்த கையோடு தினமும் வந்தார்கள், வந்து ஆளுக்கொன்றைப் பார்த்தார்கள். அருளப்பனின் அக்கா பவுலினா மாமி கழுத்தைப் பார்த்தாள், கழுத்தில் ஒரு செயின் தெரிந்தது, ஆனால் அதன் முனையில் தொங்குவது தாலியா சிலுவையா என்பது ஐஸின் வெள்ளைக்குள் மறைந்துவிட்டதால் ஒவ்வொரு நாளும் குனிந்து குனிந்து பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். லாஞ்சிக்காரர் சங்கத் தலைவர் கஸ்பார் காதைப் பார்த்தார், முதலாளியம்மா காதில் கிடப்பதைப் பார்த்தால் கம்பெனி கிடக்கிற நிலைமை தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு, கம்மல் பெரிசான நாளில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார், கம்மல் இல்லாத நாளில் டீக்கடைப் பக்கமே திரும்பாமல் போனார். ஒரு வயசில் மூக்குக் கண்ணாடி வந்தபோது தலைமை மதர் ஆள் அனுப்பி விசாரித்தார், படிச்சு வந்த கண்ணாடியா, சும்மா வயசானதால வந்த கண்ணாடியா என்று.

இதைவிட மோசம், தெருவில் நடந்தது. காலையில் வந்த முகத்துக்கு என்ன வயசோ அந்த வயசை ஊர் அன்றைக்கு மெட்டில்டாவுக்குக் கொடுத்தது. போன வாரம் வரை ஏட்டி என்று கூப்பிட்டவர்கள் வாங்க என்றார்கள். கூடப் படித்த பையன்கள் அக்கா என்றார்கள், இரண்டு நாள் கழித்து அம்மா என்றார்கள். டீக்கடையில் நின்றால், பெஞ்சில் இருந்தவன் எழுந்து, உக்காருங்கம்மா, முட்டி வலிக்கும் என்றான். அவள் அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். இந்த வயசுல இந்த வாய் ஆகாதும்மா என்று அவன் அமைதியாகச் சொன்னான்.

அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது. சோறு இறங்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று தன் முகம் இன்னும் பதினேழில்தான் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒருநாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், குளிர் அறைக்குள் தனியாகப் போனாள். முப்பது வயசிலிருந்து அவளே வரிசையாக ஐஸில் நின்றிருந்தாள். ஒவ்வொருத்திக்கும் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் களைத்த ஒருத்தி. ஒருத்திகூட அவளைப் பார்க்கவில்லை, எல்லாரும் இடதுபக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கூப்பிட்டால் திரும்பிவிடுவார்களோ என்று அவள் மூச்சைக்கூட விடாமல் பின்னோக்கி நடந்து வெளியே வந்தாள்.

மறுநாள்தான் அந்த முகம் வந்தது.

டின்னைக் கவிழ்த்தார்கள், பார் வழுக்கியது, கூட்டம் குனிந்தது, குனிந்த கூட்டம் அப்படியே நின்றது. மெட்டில்டாவின் இடதுகன்னம் புருவத்திலிருந்து தாடை வரை பிழிந்து போட்ட துணிபோலச் சுருங்கியிருந்தது. இடதுகண் இருந்த இடத்தில் வெந்த முட்டையின் வெள்ளை. மெட்டில்டா டின்களுக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். வாந்தி எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தபோது, ஊர் அதற்குள் அதையும் சீரணித்து முடித்திருந்தது. ஒத்தக் கண்ணுதானே என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள், கடலுக்குப் போறவங்கள்ல எத்தன பேருக்கு விரல் இல்ல. கண்ணு போறதுக்கு முந்தியே கல்யாணத்த முடிச்சிரணும் என்று பவுலினா மாமி அருளப்பனிடம் சொன்னாள். பாலசுந்தரம் இதற்கு நல்ல இன்சூரன்ஸ் இருக்கிறது என்றார். கஸ்பார் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஆனா கம்மல் கிடக்குவே," என்றார்.

அன்றைக்கு மெட்டில்டா அப்பாவிடம் போய், எனக்கு வேண்டாம், கம்பெனி வேண்டாம், ரெஜிசுக்குக் குடுங்க என்றாள். அருளப்பன் தலையை ஆட்டினார். ஐஸ் சொன்னதை மறுத்தால் ஐஸ் கோபித்துக்கொள்ளுமோ என்று ஊருக்குள் ஒரு முணுமுணுப்பு இருந்தது, ஆனால் ரெஜிஸ் சந்தோஷமாகத் தன் கையாலேயே அம்புக்குறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். மறுநாள் காலை ஐஸில் ரெஜிஸ் வந்தான். ஐம்பது வயசு, முன்வழுக்கை, பெரிய மனுஷன் தோரணை. இடதுகன்னம் புருவத்திலிருந்து தாடை வரை சுருங்கியிருந்தது. இடதுகண் வெள்ளை.

ஐஸ் ஒருத்தரையே பிடித்துக்கொண்டு நிற்பதில்லை என்பது அப்போதுதான் ஊருக்கு விளங்கியது. முதலில் காட்டினவர் விலகினால், அட்டையில் அடுத்து யார் ஏறுகிறார்களோ அவர்களை அது காட்டுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. ரெஜிஸ் சிரித்தான். இதுக்கெல்லாம் இப்ப நல்ல சர்ஜரி இருக்கு என்றான். மத்தியானம் நண்டுக் குழம்போடு சாப்பிட உட்கார்ந்தான், பாதியில் சென்னையிலிருந்து போன் வந்ததாகச் சொன்னான், போன் அடித்த சத்தம் வீட்டில் யாருக்கும் கேட்கவில்லை, கையைக் கழுவிக்கொண்டு மூன்று மணி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். அவனைக் குறை சொல்லி என்ன, மெட்டில்டாவும் அதைத்தானே செய்தாள், அவளுக்கு ஏறிப்போக ஒரு பஸ் இல்லை.

பாலசுந்தரத்துக்கு இதிலெல்லாம் அனுபவம் இருந்தது. குடும்பத்தில் ஆள் தோதுப்படவில்லை என்றால் வெளியே இருந்து சம்பளத்துக்கு ஒரு மேனேஜரைப் போடுவதுதான் முறை என்றார். ரெஜிஸ் கட்டத்துக்குள் மேனேஜர் என்று மட்டும் எழுதினார், பெயர் எழுதவில்லை, ஆளே இன்னும் கிடைக்கவில்லை. மறுநாள் காலை ஐஸில் ஒரு மனுஷன் வந்தான். யாருக்கும் அவனைத் தெரியவில்லை. அடர்ந்த மீசை, நெற்றியில் லேசாகத் திருநீறு, மேல்வரிசையில் ஒரு பல் தூக்கியிருந்தது. இடதுகன்னம் சுருங்கியிருந்தது. இடதுகண் வெள்ளை.

கூட்டம் பெருமூச்சு விட்டது. எல்லாருக்கும் ஒரேயடியாக மனசு லேசானது. நம்ம ஆள் இல்ல என்றார்கள், பாவம் யாரோ என்றார்கள், பவுலினா மாமி சிலுவை போட்டுக்கொண்டாள், அருளப்பன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார், தெருவில் மெட்டில்டாவை மறுபடி ஏட்டி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வயசு திரும்பக் கிடைத்துவிட்டது. அவள் தப்பித்துவிட்டாள். வீட்டுக்குப் போய்ச் சோறு தின்ன வேண்டியதுதான்.

அவளால் அந்தத் தூக்கின பல்லை மறக்க முடியவில்லை. சிரிக்கும்போது அதைக் கையால் மறைக்கிற ஆளாக இருப்பான். இப்போது எந்த ஊரிலோ யார் வீட்டிலோ உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருப்பான், என்றைக்காவது பேப்பரில் விளம்பரம் பார்த்து, நல்ல வேலை, கடற்கரை ஊர் என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பி வருவான், இங்கே இத்தனை பேரும் அவன் முகத்தை முன்னாலேயே பார்த்தவர்கள், வாங்க சார் என்று கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். தன் கண் போகும் என்று பயந்ததைவிட இது கேடுகெட்ட பயமாக இருந்தது. தன்னைப் பற்றிய பயத்தில் ஓடலாம். இதில் ஓட இடம் இல்லை.

திரும்பிக் கம்பெனிக்கு வந்தாள். அப்பா ஆபீசில் தலைக்கு டை கலக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, மூணு பேருக்கும் இடதுபக்கமே ஏன்?"

அவர் டையைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அவள் மெஷின் ரூமுக்குள் போனாள். முதலாளியாக இருக்கிறவர் இந்த ரூமில் எங்கே நிற்பார் என்று யோசித்து, அப்பா தினமும் நிற்கிற இடத்தில் போய் நின்றாள். கம்ப்ரசர் கத்திக்கொண்டிருந்தது. ஐஸை உறையவைக்கிற அமோனியா நிற்கிற பெரிய டேங்க் முன்னால், அதன் அடியில் தேங்குகிற ஆயிலை வடிக்கிற வால்வு. அதைத் திறக்க வலதுகையை நீட்டினால் முகம் தானாக வலப்பக்கம் திரும்பும், இடதுகன்னம் வால்வைப் பார்க்கும், கண் கடைக்கண்ணாக அதையே பார்க்கும். ஐஸுக்குள் எல்லாரும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. வால்வும் அதற்குப் போகிற பைப்பும் துரு மேல் பெயின்ட், பெயின்ட் மேல் துரு, மேலே மறுபடி பெயின்ட் என்று அடை அடையாக இருந்தன. என்றைக்காவது விட்டுப்போனால் அமோனியா பீய்ச்சி அடிப்பது இடதுகன்னத்தில்தான். மூக்கில் அமோனியா சுருக்கென்று ஏறியது. அந்த வாடையோடு வளர்ந்தவள், இத்தனை நாள் அது கம்பெனியின் வாசனை என்று நினைத்திருந்தாள்.

அருளப்பன் பின்னாலேயே வந்து நின்றார். தலையில் பாதி டை, பாதி நரை.

"எங்கப்பா எங்கிட்ட குடுக்கும்போதே சொன்னாவ, இத மாத்தணும்லன்னு," என்றார். "தாத்தா அவியகிட்ட சொன்னாவளாம். சீசன்ல நிறுத்த முடியுமா, சீசன் இல்லாதப்ப நிறுத்தக் கையில என்ன இருக்கு. மூச்சப் பிடிச்சிக்கிட்டு நான்தான் தினம் வடிப்பேன், வேற யாரையும் விடமாட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "நீ வந்ததும் மாத்திக்கலாம்னு இருந்தேன்ட்டி."

மெட்டில்டாவுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, அதுதான் அவளுக்கே எரிச்சலாக இருந்தது. மூன்று முதலாளிகளும் கம்பெனியை மட்டும் கைமாற்றவில்லை, இதையும் சேர்த்துத்தான் கைமாற்றியிருக்கிறார்கள், நல்ல மனுஷர்கள், பூசைக்குத் தவறாமல் போகிறவர்கள். ஆலோசகரின் அட்டையில் எல்லாருக்கும் கட்டம் இருந்தது, இந்த பைப்புக்கு இல்லை.

மாத்துங்க என்றாள். எப்போ என்றார். இன்னைக்கு என்றாள். அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. தடை முடிய இரண்டு நாள்தான் இருந்தது. எல்லா லாஞ்சியும் ஒரே நேரத்தில் கடலில் இறங்கும், எல்லாருக்கும் ஐஸ் தருவதாகச் சொல்லியாகிவிட்டது, அமோனியாவை இறக்கி பைப்பை மாற்றுவது என்றால் மெஷினை நிறுத்தணும், நிறுத்தினால் டின்கள் நிற்கிற தொட்டி சூடாகும், டின்னில் இருப்பது எல்லாம் தண்ணீர். ஒரு சீசன் லாஞ்சிக்காரன் வேறு ஐஸ் கம்பெனிக்குப் பழகிவிட்டால் திரும்ப வரமாட்டான். இதையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொல்வது எல்லாம் உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் அவள் மெயினை இறக்கினாள்.

கம்ப்ரசர் ஒரு இழுப்பு இழுத்து நின்றது.

அந்தச் சத்தம் நின்று புன்னைத்துறை பார்த்ததே இல்லை. கரண்டு போனால் ஜெனரேட்டர், ஜெனரேட்டர் போனால் இன்னொரு ஜெனரேட்டர். தொட்டிலில் தூங்கின பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக முழித்து அழுதன, பெண்கள் காது அடைத்துவிட்டது என்று காதைத் தட்டிக்கொண்டார்கள், வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கையில் ஊசியோடு எழுந்து நின்றார்கள், யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு துக்கமணி அடிக்கப் போன கோயில்பிள்ளை, யாருக்காக என்று தெரியாமல் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். பிறகு எல்லாரும் கம்பெனிக்கு ஓடி வந்தார்கள். கேட்டுக்கு வெளியே ஊர் நின்றது, உள்ளே மெட்டில்டா நின்றாள், அருளப்பன் அவளுக்கு முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை.

கஸ்பார்தான் பேசினார். கோபமாகப் பேசவில்லை, நியாயமாகப் பேசினார், அதுதான் கஷ்டம். ஊர்ல ஒரு லாஞ்சி இறங்கலேன்னா எத்தன வீட்டுல உலை வைக்க மாட்டாங்க தெரியுமா என்று கேட்டார். உன் கண்ணும் இல்ல, உங்கண்ணன் கண்ணும் இல்ல, யாரோ ஒருத்தன், எப்பவோ, முப்பது வருசம் கழிச்சு. அதுக்கு இப்ப எங்க வயித்துல அடிப்பியா?

அழுதுவிடுவோம் என்று மெட்டில்டாவுக்குத் தெரிந்தது, அழுதால் சின்னப்பிள்ளை என்று கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

"சரி மாமா," என்றாள். "யாரோ ஒருத்தன் வேண்டாம். உங்க வீட்டுலேர்ந்து ஒரு ஆளச் சொல்லுங்க. ஜோயலா, கிளிட்டஸா, யாராச்சும். அவன் பேர இப்பவே அட்டையில எழுதிருவோம், மெயினப் போட்டுருவோம். காலைல அவன் மூஞ்சி வந்திரும். நீங்க வந்து காதுல என்ன கிடக்குன்னு பாருங்க."

கஸ்பார் வாயைத் திறந்தார். ஜோயல் கூட்டத்தில்தான் நின்றான், அப்பா என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்துக்கொண்டு. கஸ்பார் வாயை மூடினார்.

அவள் மற்றவர்களைப் பார்த்தாள். வேற யார் வீட்டுலயாச்சும் இருந்தா சொல்லுங்க என்றாள். அவள் கண் போன பக்கமெல்லாம் ஆட்கள் தங்கள் பிள்ளைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள், முந்தானை இல்லாதவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் பேர் சொல்லவில்லை. வெயில் ஏறியது. பிறகு ஒவ்வொருத்தராகப் போனார்கள். போகும்போது திட்டிக்கொண்டுதான் போனார்கள்.

பாலசுந்தரம் அட்டையைச் சுருட்டிக்கொண்டு அன்றைக்கே கிளம்பிவிட்டார். கஸ்பார் வெளியூர் ஐஸுக்கு லாரி சொன்னார், பாதி வழியிலேயே பாதி உருகி வந்தது, அதை வைத்துக்கொண்டு லாஞ்சிகள் இறங்கின, தூரம் போகாமல் பக்கத்திலேயே வலை போட்டுவிட்டுத் திரும்பின. ஊர் மெட்டில்டாவோடு பேசவில்லை. குளிர் அறை சூடாக ஆரம்பித்து, வரிசையாக நின்ற அவள் வயசுகள் எல்லாம், ரெஜிசும், தூக்கின பல்காரனும், மூக்கு கரைந்து கன்னம் கரைந்து கதவின் அடியில் வழிந்து தெருவுக்கு வந்தார்கள். பேசாத ஊர் அந்தத் தண்ணீரை மிதிக்கவும் இல்லை. பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டினார்கள், சைக்கிளில் வந்தவர்கள் இறங்கிச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டினார்கள், கஸ்பார் சுற்றுத்தெரு வழியாகப் போனார், பவுலினா மாமி மட்டும் தன் வீட்டு வாசலுக்கு வந்த தண்ணீரை விளக்குமாற்றால் மெதுவாக, தூங்குகிற பிள்ளையை நகர்த்துவதுபோல, சாக்கடைப் பக்கம் தள்ளிவிட்டாள்.

பிட்டர்கள் வந்து அமோனியாவை இறக்கி, பைப்பை அறுத்து எடுத்து, ஒரு துண்டை அருளப்பன் கையில் கொடுத்தார்கள். அவர் பெருவிரலால் லேசாக அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. அவர் விரலை வெளியே எடுக்காமல் ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். தினமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் நின்ற மனுஷன். இது இத்தனை வருஷம் தாங்கினதே அதிசயம், எந்த நாளும் போயிருக்கலாம் என்று பிட்டர் சொன்னதை அவர் கேட்ட மாதிரியே தெரியவில்லை.

புது பைப் போட்டு, புது வால்வு போட்டு, மெயினைத் தூக்கினார்கள். சத்தம் திரும்ப வந்தது, பிள்ளைகள் தூங்கின. தொட்டி குளிர்ந்து டின்கள் உறைந்த காலையில், பேசாத ஊர் பேசாமலே வந்து நின்றது. அட்டை இல்லை, யார் பேரும் எழுதவில்லை, என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. மெட்டில்டா கணக்குப் போட்டுப் பார்த்தாள். கண் போகாது, சரி. கை போகலாம். கம்பெனியே போகலாம். இந்த ஐஸுக்குள் இன்னும் எத்தனை இருக்கிறதோ.

கிரேன் தூக்கியது, முக்கியது, கவிழ்த்தது. பார் வழுக்கி வந்து அவள் காலடியில் நின்றது.

உள்ளே அவள்தான். முப்பது இல்லை, ஐம்பது இல்லை. அன்று காலையில் தாடையில் புதிதாக வந்திருந்த பருவோடு, எண்ணெய் வைக்காத தலையோடு, பதினேழு வயசில், இரண்டு கண்ணும் பயத்தில் முழுசாக விரிந்து இருந்தாள். இந்தத் தடவை பக்கத்தில் எதையும் பார்க்கவில்லை. நேராக மெட்டில்டாவைப் பார்த்தாள்.

பவுலினா மாமி குனிந்து கழுத்தைப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. கஸ்பார் காதைப் பார்த்தார், இன்றைக்குக் கிடக்கிற அதே பொட்டுத் தோடு. இது இன்னைக்கு மூஞ்சில்லா, இத வச்சு என்னத்தத் தெரிஞ்சுக்க என்று சலித்துக்கொண்டார். நாளைக்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள் ஏமாந்துபோய், ஆளுக்கொரு வேலையை நினைத்துக்கொண்டு கலைந்தார்கள், லோடுக்காரர்கள் மட்டும் நின்றார்கள்.

அருளப்பன் பக்கத்தில் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"என்னட்டி தெரியுது?"

"பயந்துபோய் இருக்கேன். அதுதான் தெரியுது. வேற ஒண்ணும் தெரியல."

அவர் ஐஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி ஐஸைப் பார்த்தார். எதையோ ஒப்பிட்டுச் சரிபார்த்ததுபோலத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"அப்ப சரி," என்றார். "லோடு ஏத்தச் சொல்லு."

அவள் சொன்னாள். குரல் உடைந்து, பாதி வார்த்தை வெளியே வரவே இல்லை. லோடுக்காரர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. முதலாளியம்மா சொல்லியாகிவிட்டது என்று பாரைக் கொக்கி போட்டு இழுக்க ஆரம்பித்தார்கள்.